கீழ்வீட்டுக்காரியின் கடிதம்

நவம்பர் 4, செவ்வாய்

ஜெர்மனியில் இருக்கிற மகள் வீட்டுக்கு, எஸ்லிங்கன் வந்து இன்றோடு பத்து நாள். உடுமலையிலிருந்து கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கேலி செய்தார்: "அங்க போயிக் கணக்கெழுத என்ன இருக்குது நாயகி? தேங்காயா, மாட்டுப் பாலா?" ஏன் இல்லாமல்? பாப்பாவுக்கு இன்று இருபத்தொரு நாள். அது பால் குடித்த நேரமும் துணி மாற்றிய நேரமும் இந்த நோட்டின் இடப்பக்கம். நான் கற்ற ஜெர்மன் வார்த்தைகள் வலப்பக்கம்.

எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. இங்கிலீஷை மருந்து அட்டையிலும் பஸ் போர்டிலும் உரச் சாக்கிலும் பார்த்து நானே படித்துக்கொண்டேன். எழுத்து அதே எழுத்துத்தான், ஜெர்மன் மட்டும் வராமலா போகும்? தெருவோரம் "எடுத்துக்கொள்ளலாம்" என்று வைத்திருந்த பெட்டியில் குழந்தைகளுக்கான பட அகராதி ஒன்று கிடைத்தது. பழனியாண்டவன் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டேன்.

படிப்பது ஆசைக்காக இல்லை. விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த மதுரைக்காரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. இந்த ஊரில் குழந்தை அழுதால் அக்கம்பக்கத்தார் எழுதிப் போட்டுவிடுவார்களாம். குழந்தை நல ஆபீசிலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம், பெற்றவள் கதறினாலும் கிடைக்காதாம். மாப்பிள்ளை தாமோதரன் திங்கள் விடிந்தால் ஹங்கேரி வேலைக்குப் போய் வெள்ளிக்கிழமைதான் வருகிறார். மகள் மிருதுளா பிள்ளை பெற்ற உடம்பு. வீட்டில் ஒருத்தியாவது காதைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

கீழ்வீட்டில் ஒரு கிழவி இருக்கிறாள். ஹேபர்லே என்று பெயர்ப்பலகை. இன்று படியில் பாப்பாவின் கன்னத்துப் பொட்டை உற்றுப் பார்த்தாள். கண் மை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுக்கென்று நினைத்திருப்பாள்.

வார்த்தைகள்: 31.

நவம்பர் 6, வியாழன்

கிருத்திகை விரதம். காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு மரப்பலகை தொங்குகிறது. மேலே ஏதோ எழுத்து, கீழே ஒரு விளக்குமாற்றின் படம். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டு வாசலில் விளக்குமாறு! மிருதுளாவிடம் கேட்டேன். போர்வைக்குள்ளிருந்தே, "இருக்கட்டும்மா" என்றாள். எது இருக்கட்டும்?

பலகை மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, திருநீறு போட்டு, செய்தித்தாளில் சுற்றி, கையில் படாமல் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வாசலில் அரிசி மாவில் ஆறு புள்ளிக் கோலமும் போட்டாயிற்று. இனி எதுவும் தாண்டி வராது.

ஜன்னல் திரைக்குப் பின்னால் ஹேபர்லே நின்றதைப் பார்த்தேன்.

பாப்பா பால்: எட்டு முறை. அதில் ஐந்து புட்டியில், நான் கொடுத்தது.

நவம்பர் 7, வெள்ளி

படிக்கட்டு அடியில் காகிதம் ஒட்டியிருக்கிறது. பெரிய எழுத்து. அகராதியும் போனும் வைத்துப் படித்தேன். "பலகை எங்கே? வீட்டார் எல்லோருக்கும் வணக்கம்." அதற்குக் கீழே: "படியில் மாவு வேண்டாம். வழுக்கும்." முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் இல்லை, ஊர் பார்க்க எழுதி ஒட்டுகிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மாப்பிள்ளையிடம் பலகை விஷயத்தைச் சொன்னதும் சோபாவில் விழுந்து சிரித்தார்.

"அத்தை, அது பெருக்கற முறைங்க. ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. யாரு வீட்டுக் கதவுல தொங்குதோ அவங்க படிக்கட்டு பெருக்கித் தொடைக்கோணும். முடிச்சுட்டு அடுத்த வீட்டுக் கதவுல மாட்டிரோணும். இந்தப் பக்கத்துல நூறு வருசத்துப் பழக்கம்."

"வெளக்கமாத்தையா மாப்ள வாசல்ல மாட்டுவாங்க?"

"நம்மளையும் வீட்டாளுகளாச் சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்ங்க. வாடகைக்கு வந்த மொத வருசம் நமக்கு மாட்டவே இல்ல. அப்ப மிருதுளா வருத்தப்பட்டா, தெரியுங்களா?"

மிருதுளாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை கீழே போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். ஹேபர்லே புதுப்பலகை தானே அறுத்து, தானே எழுதி வைத்திருந்தாளாம். அதே விளக்குமாறு. நல்லவள் என்றால் படத்தையாவது மாற்றியிருப்பாள். இந்த வாரம் நம் முறை.

நவம்பர் 11, செவ்வாய்

படிக்கட்டு முழுவதும் பெருக்கித் துடைத்தேன். வெந்நீரில் கொஞ்சம் மஞ்சளும் போட்டேன். ஹேபர்லே கதவைத் திறந்து நின்று, தன் வாசல் மிதியடியைத் தூக்கி அதன் அடியைக் காட்டினாள். அங்கே பெருக்கவில்லையாம். என் மாமியார்கூட அப்படி மிதியடியைத் தூக்கியதில்லை.

பிறகு கேட்டாள், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக: "வீ கேட் எஸ் ஈரர் டோஹ்டர்?" உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்? எனக்குப் புரிந்துவிட்டது! முதல் முறையாக முழு வாக்கியம். "கூட், கூட். அல்லெஸ் கூட்" என்றேன். நன்று, எல்லாம் நன்று. சொன்ன பிறகும் அவள் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

என்ன துருவுகிறாள்? பதில் சொன்ன பிறகும் நிற்கிறவளை நம்பக் கூடாது.

வார்த்தைகள்: 88. பாப்பா பால்: எட்டு. புட்டியில் ஏழு.

நவம்பர் 13, வியாழன்

யுட்டா வந்தாள். பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வருகிற மருத்துவச்சி. சர்க்காரே அனுப்புகிறதாம். இவளும் சர்க்கார் ஆள்தான் என்பதை மறக்கக் கூடாது. அவள் வருமுன் வீட்டை ஒழுங்குபடுத்தி, மிருதுளாவுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல சட்டை போட வைத்தேன். பொம்மை மாதிரி உட்கார்ந்தாள்.

யுட்டா பாப்பாவை எடை போட்டாள். நன்றாகக் கூடியிருக்கிறது. பிறகு மிருதுளாவிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். பத்துக் கேள்வி, கட்டத்தில் குறி போட வேண்டும். என்ன கேட்டிருக்கிறது என்றேன்.

"சிரிக்க முடியுதா, தூக்கம் வருதா, அழுகை வருதா... இப்படித்தாம்மா."

"எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னு போடு கண்ணு. எதுக்குக் கேக்கறாங்கன்னு ஆருக்குத் தெரியும்?"

ஒன்பது வரை போட்டாள். பத்தாவதில் பேனா நின்றுவிட்டது. யுட்டா அந்த நேரம் பார்த்துப் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு போடு அம்மிணி."

போட்டாள். பத்தாவது என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. பத்தியக் குழம்பு அடுப்பில் இருந்தது.

நவம்பர் 15, சனி

மாப்பிள்ளை வந்திருப்பதால் இட்லி. மிருதுளா அவர் எதிரில் சிரித்தாள். பார்த்தீர்களா, சிரிக்கிறாள். பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான், நாற்பது நாள் போனால் சரியாகிவிடும்.

நவம்பர் 17, திங்கள்

துணி துவைக்கும் இயந்திரம் இவர்களுக்கு வீட்டுக்குள் இல்லை, நிலவறையில். நான் துவைக்கிறேன் என்றால் மிருதுளா விடுவதில்லை. பச்சை உடம்பு, படி ஏறி இறங்கக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ரெண்டு நிமிசம்மா" என்று கூடையோடு போனாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கூடையில் அதே துணி, நனையவே இல்லை.

"மெசின் வேலை செய்யலயா கண்ணு?"

"ஆமா."

மாலையில் நான் போய்ப் போட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

திரும்பி வரும்போது ஹேபர்லேயின் குளியலறை ஜன்னலில் வெளிச்சம். அது நிலவறைக்கு நேர் மேலே. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 18, செவ்வாய்

கதவடியில் ஓர் உறை. மேலே மிருதுளாவின் பெயர். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் பிரித்தேன்.

தவறு என்று தெரியும். முருகன் மன்னிப்பான். நீல மையில், கொக்கி கொக்கியாகப் பழைய காலத்துக் கையெழுத்து. போனை மேலே பிடித்தால் அதற்கும் படிக்கத் தெரியவில்லை. "குதிரை" என்றது, "வெண்ணெய்" என்றது. கீழே ஹேபர்லே என்ற கையொப்பம். அதற்கும் கீழே ஒரு டெலிபோன் நம்பர்.

எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அகராதியில் தேடினேன். இன்று பிடிபட்டவை மூன்று: குழந்தை. அழுகை. நிலவறை.

நவம்பர் 19, புதன்

இன்னும் இரண்டு பிடிபட்டன: கேட்கிறது. குளியலறை.

அதாவது, உங்கள் குழந்தை அழுவது என் குளியலறை வரை கேட்கிறது. நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாப்பா கத்தியதைத்தான் சொல்கிறாள். அப்படியானால் அந்த நம்பர் யாருடையது? ஆபீஸ் நம்பர். கூப்பிடுவேன் என்று மிரட்டுகிறாள்.

கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மிருதுளாவுக்குத் தெரிய வேண்டாம். இருக்கிற பயம் போதும்.

இனி எண்ணெய்க் குளியல் கிடையாது. ஈரத்துணியால் துடைப்பேன், ரேடியோ வைத்துக்கொண்டு.

நவம்பர் 21, வெள்ளி

மாப்பிள்ளையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வாரம் முழுக்க அலைந்துவிட்டு வருகிறவர். சொல்லவில்லை.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மிருதுளா கண்ணாடி முன் நின்று முகத்தைத் தேய்த்துச் சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பார்ப்பதை அவள் பார்க்கவில்லை.

நவம்பர் 22, சனி

பாப்பா பால்: ஒன்பது. ஒன்பதும் புட்டி.

நவம்பர் 24, திங்கள்

ஹேபர்லே படியில் என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் பாப்பாவைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வேகமாக ஏறினேன். பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். "கடிதம்" என்ற வார்த்தை மட்டும் புரிந்தது.

பதிலுக்காகக் காத்திருக்கிறாள். கிடைக்காது.

நவம்பர் 25, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் நடந்தது நடந்தபடி நிற்காது.

காலை பத்தரை மணி. மிருதுளா துணிக்கூடையோடு கீழே போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மணி அடித்தது. திறந்தால் ஹேபர்லே. வீட்டுக்குள் போடும் செருப்போடு வந்திருக்கிறாள். இந்த ஊரில் சொல்லிக்கொள்ளாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதே தப்பு என்று மாப்பிள்ளை சொன்னது நினைவுக்கு வந்தது. பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"வீ கேட் எஸ் ஈரர் டோஹ்டர்?"

"அல்லெஸ் கூட்."

"நைன்" என்றாள். இல்லை.

அப்படிச் சொல்வார்களா ஒருவர் முகத்துக்கு நேரே? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதவைச் சாத்தப் போனேன். அவள் கதவைப் பிடிக்கவில்லை, காலை வைக்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. விரலால் கீழே காட்டினாள். "நிலவறை" என்றாள். பிறகு, "வாருங்கள்."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினேன். இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே துணி இல்லை, வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே, சில்லென்ற சிமெண்டுத் தரையில், ஸ்வெட்டர்கூட இல்லாமல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வாயில் ஒரு துண்டைத் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

எழுபது தாண்டிய அந்த மனுஷி சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினாள். நான்தான் பேசினேன்.

"என்ன கண்ணு இது? தரையில உக்காந்துட்டு... பச்ச ஒடம்பு..."

"அம்மா, பாப்பாவ மேல கொண்டு போ."

"ஏன் அம்மிணி?"

"எனக்கு அதப் பாத்தா ஒண்ணுமே தோணலம்மா. ஒரு மாசமாத் தோணல. என்ர புள்ளன்னே தோணல. நான் செத்துட்டா நீ நல்லாப் பாத்துக்குவேன்னு தோணுது."

வாயைப் பொத்தினேன், யார் வாயை என்று தெரியவில்லை.

"ஆருகிட்டயும் சொல்லிராதம்மா. சொன்னா வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க."

அவளுக்கும் அதே பயம். அது தெரியாமல் ஒரே வீட்டுக்குள் ஒரு மாதம் இருந்திருக்கிறோம்.

ஹேபர்லே அவளிடம் நிறையச் சொன்னாள். எனக்குப் புரிந்தது நாலைந்து வார்த்தை. கடைசியில் மிருதுளா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவங்க லெட்டர் போட்டாங்களாமே?"

நவம்பர் 25, மாலை

முருகன் படத்தின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மிருதுளா எனக்காகத் தமிழில் சொன்னாள், குரல் ஏறாமல் இறங்காமல்:

"நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால், என் முதல் மகன் பிறந்தபோது, நானும் அந்த நிலவறையில்தான் அழுதேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். குளியலறை வரை கேட்கிறது. அப்போது என்னிடம் யாரும் வந்து கேட்கவில்லை. உன் குழந்தை நன்றாக இருக்கிறது. அழுகை உன்னுடையது. உன் வீட்டு விஷயத்தில் தலையிட எனக்கு உரிமை இல்லை, அதனால் எழுதுகிறேன். கீழே இருப்பது ஒரு பெண் மருத்துவரின் எண். நீ விரும்பினால் நான் கூட வருகிறேன்."

மேலே தேதி. நவம்பர் 18.

"ஏழு நாளாம்மா" என்றாள் மிருதுளா.

"மெரட்டறான்னு நெனச்சுட்டேன் கண்ணு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல? எனக்குப் படிக்கத் தெரியுமே."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவங்ககிட்ட அழ முடிஞ்சுது. உங்கிட்ட முடியலம்மா. நீ மணி பாத்துட்டே இருந்த. இத்தன வாட்டி குடுத்தியா, இத்தன நேரம் தூங்கினியா... எழுதி எழுதி வெச்ச."

நவம்பர் 26, புதன்

போன் போட்டதும் மாப்பிள்ளை முதல் விமானத்தில் வந்துவிட்டார். வந்ததும் மிருதுளாவின் காலடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

மருத்துவர் நடுவயதுப் பெண். ஹேபர்லேயும் வந்தாள், வெளியே நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. உள்ளே அந்தப் பத்துக் கேள்வித் தாள் மறுபடி வந்தது. மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்து, நேராக என்னிடம் அதே கேள்வியைக் கேட்டாள்: மகள் எப்படி இருக்கிறாள்? வீட்டில் கூட இருந்தவள் நான்தானே. மாப்பிள்ளை மொழிபெயர்க்க வாயெடுத்தார். வேண்டாம் என்றேன்.

மதுரைக்காரம்மா சொன்னது எல்லாம் ஒரு நிமிடம் கண்ணில் ஓடியது. ஆபீஸ், கார், வெறும் தொட்டில். பாப்பா என் மடியில் கொட்டாவி விட்டது. மிருதுளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அல்லெஸ் கூட் என்று சொல்லிவிடுவேன் என்று அவள் பயந்தாளா, சொல்ல மாட்டேன் என்று பயந்தாளா, எனக்குத் தெரியவில்லை.

"நிஷ்ட் கூட்" என்றேன். நன்றாக இல்லை. "போன தடவ நாந்தான் பொய் போடச் சொன்னேன். அதையும் சொல்லுங்க மாப்ள."

மருத்துவர் எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு மாப்பிள்ளை சொன்னார்: தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்குகிற வார்டு ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம். ஓர் இடம் நாளைக்குக் காலியாகிறதாம்.

"பாப்பாவ?"

"பாப்பா அவகூடத்தானுங்க அத்தை. பிரிக்கவே மாட்டாங்களாம்."

நம்புவதா என்று தெரியவில்லை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை மருத்துவரையே கேட்டேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். அவள் பொறுமையாகச் சொன்னாள். ஆனாலும் நர்சின் பெயர், வார்டு எண், கட்டிடத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 29, சனி

வீட்டில் பாப்பாவும் இல்லை, மிருதுளாவும் இல்லை. இடப்பக்கம் எழுத ஒன்றுமில்லை.

ரசம் வைத்துக் கீழே கொடுத்தேன். ஹேபர்லே முகர்ந்து பார்த்து, காரமா என்றாள். கொஞ்சம் என்றேன். பிறகு அவளாகவே தன் மகனைப் பற்றிச் சொன்னாள். ஹாம்பர்கில் இருக்கிறான், வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். பாதி புரிந்தது. அந்த நிலவறையில் அழுத மாதங்களைப் பற்றி அவனிடம் இன்றுவரை சொன்னதில்லையாம். எனக்கு மட்டும் ஏன் சொல்கிறாள் என்று ஒரு கணம் பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வார்டில் நெருப்புக்கு அனுமதி இல்லை. கேட்டேன், முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். ஊரில் என்றால் பார்க்கலாம் என்று இழுப்பார்கள். வீட்டில் ஏற்றிவிட்டுப் போனேன்.

பார்வை நேரம் மூன்று மணி. பாப்பா தொட்டிலில் தூங்கியது. மிருதுளா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையால் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. சாப்பிட்டாயா என்று வாய் வரை வந்தது. சிறு வயதிலிருந்து இவளிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். சாப்பிட்டாயா, குளித்தாயா, படித்தாயா, பால் கொடுத்தாயா. பெற்ற மகளிடம் வேறு என்ன கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

நாற்காலியை இழுத்து எதிரே போட்டேன்.

"எப்படி இருக்கற கண்ணு?"

திரும்பிப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. கண்ணாடி முன் எடுத்து வைத்துக்கொள்கிற சிரிப்பு இல்லை.

"என்னம்மா, செர்மன்காரியாட்டம் கேக்கற?"

நான் எழுந்து பாப்பாவைப் பார்க்கப் போகவில்லை, போர்வையைச் சரி செய்யவில்லை. எழுந்து நின்றால் போய்விடுவேன் என்று உட்கார்ந்தே இருந்தேன். "நல்லா இல்லம்மா" என்று ஆரம்பித்தாள்.

சொல்லி முடிக்கும்போது வெளியே இருட்டியிருந்தது. நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நேரம் முடிந்தும் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மிருதுளா என்னிடம் என்னென்ன சொன்னாள் என்பதை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.